கொடுத்துத் தோற்கும் வீரம்

பங்குனியில் தொடங்கி ஆடி வரை விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும். மத்தியானம் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துச் சொல்வார். இரவில் அதே கதை களரியில் கூத்தாகும். வில்வளைப்பு, சூது துகில், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை இரவு இரவாக நகர்ந்து, படுகளத்திலும் தீமிதியிலும் முடியும். கோயில் பாண்டவர் பக்கத்துக் கோயில். அம்மன் பாண்டவரின் மனைவி, தருமராஜாவுக்கும் அங்கேயே சந்நிதி உண்டு. இருந்தும் ஊர் அதிகமாகக் கண்ணீர் விடுவது எதிர்ப்பக்கத்தில் நின்று செத்தவனுக்காக. கர்ண மோட்சத்தன்று கூட்டம் விடியும்வரை கலையாது. வெறும் இரக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. வீரம் எது, அறம் எது என்று இந்த மண் நெடுங்காலமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை ஏட்டிலோ பிரசங்கத்திலோ தேடுவதைவிட, ஒரு வேஷக்காரரின் உடம்பிலும் குரலிலும் தெளிவாகப் பார்க்கலாம் என்பது என் துணிபு.

வேஷத்தின் வருகையிலிருந்தே தொடங்கலாம். இரண்டு பேர் ஒரு துணித்திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதற்குப் பின்னாலிருந்து விருத்தம் எழுகிறது. முகவீணை அந்தக் குரலுக்கு ஒரு படி மேலே போய் அழுகிறது; மிருதங்கமும் தாளமும் இன்னும் அடங்கித்தான் இருக்கின்றன. பார்க்கிறவர் கண்ணுக்குத் திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால்கள், திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி, இவ்வளவுதான். நடுவில் இருக்கும் ஆள் இன்னும் வரவில்லை. கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கட்டிக்கொண்ட பிறகு, தன் உடம்பைப்போல இன்னொரு பங்கு அகலம் அந்த மனிதருக்கு வந்துவிடுகிறது. திரை விலகியதும் அவர் நடந்து வருவதில்லை, சுழன்று வருகிறார். கிறுக்கி அடிக்கும்போது கண்ணாடிகள் விளக்கொளியை வாங்கிக் கூட்டத்தின் முகத்தில் எறிகின்றன. பிறகு கட்டியக்காரனிடம் தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறார்: நாடு இது, பெயர் இது, கொடை இது. அங்க தேசத்து ராஜனான கர்ணனுக்கு இந்த வருகையில் ஒரு குறையும் வைப்பதில்லை. வெல்லப் போகிற அர்ஜுனனுக்குக் கிடைக்கும் அதே கட்டை, அதே திரை, அதே சுழற்சி. கூத்து தன் முதல் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறது. எந்தப் பக்கத்து ஆள் என்பதைப் பார்த்துக் களரி மரியாதையை அளப்பதில்லை.

ஆனால் இவ்வளவு பெரிய வேஷத்தை நிற்க வைத்துக்கொண்டு கூத்து அடுத்துச் செய்வது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. பதினேழாம் நாள் போருக்குக் கிளம்பும் முன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவளோ தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று அவனைக் கணவனாகவே மதிக்காதவள். வியாசர் பாரதத்தில் இல்லாத, நாட்டார் கதைப்பாடல் வளர்த்துக் கொடுத்த பாத்திரம் இவள். அவளுக்கும் அவனுக்கும் நடக்கும் தர்க்கம் பாட்டும் வசனமுமாக நீண்டுகொண்டே போகும். உலகமே வள்ளல் என்று சொல்பவனைப் பார்த்து, உன் தாய் யார், தகப்பன் யார் என்று அவள் கேட்கிறாள். அத்தனை கட்டையும் கண்ணாடியும் சுமந்த உருவம், வீட்டு வாசலில் பிறப்பைச் சொல்ல முடியாமல் நிற்கிறது. நல்ல வேஷக்காரர் இந்த இடத்தில் அடவைக் குறைத்துவிடுவார். கால் பேசாது, சலங்கை மெல்ல மட்டும் அசையும், குரல் கீழ் ஸ்தாயிக்கு இறங்கும். பின்பாட்டுக்காரர்கள் அவர் பாதியில் விட்ட வரியை எடுத்து முடித்துக் கொடுப்பார்கள். தான் குந்தியின் மூத்த மகன் என்று அவன் சொல்லும்போது, அது பெருமையடிக்கும் குரலில் வந்துவிட்டால் காட்சி கெட்டது. சாகப் போகிறவன் கணக்கு முடிக்கிற குரலில் வர வேண்டும். அவள் மனம் திரும்புகிறது, ஆனால் விடிவதற்குள் அவன் இல்லாமல் போய்விடுவான். வீரனை முதலில் எதிரியின் முன் நிறுத்தாமல் வீட்டில் நிறுத்தி, அங்கே அவன் படும் அவமானத்தைக் காட்டிவிட்டுத்தான் கூத்து அவனைக் களத்துக்கு அனுப்புகிறது. அவன் களத்தில் செய்யப்போவது கோபத்தாலும் இல்லை, புகழுக்காகவும் இல்லை என்று நம்ப நமக்கு இந்தக் காட்சி வேண்டும்.

களத்தில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சல்லியனோடு வாக்குவாதம், நாகாஸ்திரம் தவறுவது, குந்திக்குக் கொடுத்த வாக்குக்காக அதை இரண்டாம் முறை தொடாமல் விடுவது, தேர் அழுந்துவது என்று வேகமாகப் போகும் காட்சிகளில் தாளம்தான் ராஜா. பிறகு தாளம் திடீரென்று நிற்கும். அம்பு தைத்து விழுந்து கிடப்பவனிடம் ஒரு கிழ வேதியன் வருகிறான், வந்திருப்பவன் கண்ணன். செய்த தருமம் அத்தனையும் காவலாக நிற்பதால் அர்ஜுனனின் அம்பு உயிரைத் தொட முடியவில்லை. அந்தத் தருமத்தையே யாசகமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. கர்ணன் தன் புண்ணியம் முழுவதையும், நீர் வார்த்துக் கொடுக்க நீர் இல்லாததால் தன் காயத்து ரத்தத்தையே வார்த்துக் கொடுக்கிறான். வந்தவன் தன் உருவைக் காட்டி வரம் கேட்கச் சொன்னால், இனியும் பிறவி உண்டென்றால் கேட்பவருக்கு மறுக்காத மனம் வேண்டும் என்கிறான். வடமொழிப் பாரதத்தில் இந்த யாசகம் இல்லை. அங்கே தேர்ச் சக்கரத்தைத் தூக்க அவகாசம் கேட்கும் கர்ணனிடம், திரௌபதியைச் சபையில் இழுத்தபோது உன் தருமம் எங்கே போயிற்று என்று கண்ணன் அடுக்கிக் கேட்கிறான்; கர்ணன் வெட்கித் தலை குனிகிறான். அதுவும் நியாயமான காட்சிதான். தமிழில் வில்லிபுத்தூரார் வழி வந்த காட்சியோ குற்றம் சாட்டும் கடவுளைக் கையேந்தும் கடவுளாக்கிவிட்டது. கூத்துக்காரர்கள் அதை எடுத்து இரவின் கடைசி நாழிகையில் வைத்தார்கள். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே கவசத்தையும் ஒருவன் கழற்றிக் கொடுப்பதை ஊரே உட்கார்ந்து பார்க்கிறது.

கொடுப்பதில் வீரத்தின் உச்சியைக் காண்பது இந்த வட்டாரத்துக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்த எண்ணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்று திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்ட கிடங்கல், சங்க காலத்தில் கிடங்கில்; ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். நல்லூர் நத்தத்தனார் அவன்மேல் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடி கொண்ட பாட்டு. கடையெழு வள்ளல்கள் யார் யார், எதை எதைக் கொடுத்தார்கள் என்று வரிசைப்படுத்தி, அந்த ஏழு பேர் சுமந்த பாரத்தை இவன் தனியாகச் சுமக்கிறான் என்று சொல்லும் இடம்தான் அதன் மையம். போர்க்களப் புகழும் பாட்டில் உண்டு, ஆனால் அவனை உயர்த்தும் அளவுகோல் கொடை. அந்த எழுவரில் ஒருவனான காரி, தெற்கே பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூர்க்காரன். அதே ஊரில் இருந்து ஆண்டவர் என்று பெரியபுராணம் சொல்லும் மெய்ப்பொருள் நாயனார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் வெல்ல முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வருகிறான். குத்துப்பட்டு விழுந்தவர், வாளோடு பாய்ந்த காவலன் தத்தனைத் தடுத்து, கொன்றவனை ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொல்கிறார். விட்டுவிட்டு வந்த செய்தி கேட்கும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார். புனித வேடத்தில் வந்து உயிரைக் கேட்பவன், அவனுக்கு மறுக்காதவன். கர்ண மோட்சத்தின் கடைசிக் காட்சியும் இதே அச்சில் வார்த்ததுதான். வில்லிபுத்தூராரும் இந்தப் பக்கத்துத் திருமுனைப்பாடி நாட்டில் பிறந்தவர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், நடுநாடு என்னும் இந்த வட்டாரத்துக் கூத்தில் கர்ணன் ஏன் இவ்வளவு சொந்தக்காரனாக நிற்கிறான் என்பது விளங்கும். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே மண்ணில் ஒரே மதிப்பு மறுபடி மறுபடி உருவெடுத்திருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம் கனமானது. சபையில் திரௌபதியை இழிவாகப் பேசியவன் கர்ணன். அவள் கோயில் வாசலிலேயே அவனுக்கு மோட்சம் கொடுப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம் ஆகாதா? கர்ண மோட்சத்தைத் தனி நாடகமாகப் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். திருவிழாவின் ஓர் இரவாகப் பார்த்தால் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. துகில் உரியும் இரவில் துச்சாதன வேஷக்காரர் சேலையைத் தொடும் முன் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றி, திரௌபதி வேஷத்தைக் கும்பிட்டு, தான் செய்யப்போவது வேஷத்தின் செயல் என்று அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுப் பாடிவிட்டுத்தான் கையை நீட்டுவார். செய்த பாவத்தைச் சின்னதாக்கும் கலை இப்படிக் கும்பிடாது. அன்று அவிழ்ந்த கூந்தல் கர்ணன் இறந்த பிறகும் அவிழ்ந்தபடியே இருக்கிறது. பதினெட்டாம் போர் விடிந்த பகலில், மண்ணால் மல்லாக்கப் படுக்கவைத்த பெரிய துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் வேஷம் பிளந்து, அங்கே புதைத்த செந்நீரை எடுத்துத் தடவிய பின்தான் அவள் கூந்தலை முடிகிறாள். கர்ணனின் கொடை அந்தக் கடனில் ஒரு காசையும் குறைக்கவில்லை. அவன் பக்கம் தோற்க வேண்டிய பக்கம்தான், அவன் சாக வேண்டியவன்தான். ஆனால் சாக வேண்டியவனிடமும் அறம் இருந்தது, அது கடவுளே கேட்டு வாங்கிக்கொள்ளும் அளவுக்கு இருந்தது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றையொன்று தின்னவிடாமல் அடுத்தடுத்த இரவுகளில் வைத்திருப்பதுதான் பாரதக் கூத்தின் பெரிய சாதனை. தீர்ப்பைக் கேட்டதும் எழுந்து போய்விடும் மனசுக்கு இது பிடிபடாது. பத்துப் பதினெட்டு நாள் உட்கார்ந்து பார்த்த ஊருக்குப் பிடிபட்டிருக்கிறது. வீழ்ந்து கிடக்கும் துரியோதனனுக்காகவும் அதே படுகளத்தில் ஒப்பாரி எழுவதும், அந்த உருவத்தின் மண்ணை மக்கள் வீட்டுக்கு எடுத்துப்போவதும் இந்தப் பிடிப்பால்தான்.

தோற்றவன்மேல் வரும் பரிவை வீரவழிபாடு என்று பெரிதாக்குகிறேன் என்றும் சொல்லலாம். அப்படியானால் அரவானை என்ன செய்வது? அவன் வெல்லும் பக்கத்துப் பிள்ளை. பாண்டவர் வெற்றிக்குச் சர்வ லட்சணமும் பொருந்திய ஒருவனைப் பலி கொடுக்க வேண்டும் என்றபோது, அர்ஜுனனும் கண்ணனும் தப்பிவிட, நாகக்கன்னி மகன் சம்மதிக்கிறான். முப்பத்திரண்டு இடத்தில் தன் சதையைத் தானே அரிந்து காளிக்குக் கொடுக்கிறான். போர் முழுவதையும் பார்க்கக் கண் மட்டும் வேண்டும் என்கிறான். இந்தக் களபலியைத் தமிழில் சொன்ன பழைய நூல் பெருந்தேவனாரின் பாரதவெண்பா. 9ஆம் நூற்றாண்டு நூலான அதில் புகழப்படும் பல்லவன், திண்டிவனத்துக்கு வடமேற்கே வந்தவாசிப் பக்கம் உள்ள தெள்ளாற்றில் வென்றவன். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கூவாகத்தில், சித்திரையில் திருநங்கையர் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பது இந்த அரவானுக்காகத்தான். வில்லை வளைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, ஊர் தலையைச் செய்து தேரில் வைத்து இழுப்பது வில்லை எடுக்கும் முன்பே தன்னைக் கொடுத்துவிட்டவனை. கொடுத்தவன் எந்தப் பக்கம் என்பது இந்த மதிப்பில் இரண்டாம் கேள்வி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னோர் ஆட்சேபத்தை அவ்வளவு எளிதாக நான் கடந்துவிட மாட்டேன். செஞ்சோற்றுக் கடன் என்ற பெயரில் தவறான தலைவனுக்குச் சாவதைப் புகழ்வது, ஏழைகளை எசமானருக்குக் கட்டிப்போடும் பாடம் ஆகிவிடாதா என்பது அது. ஆகியிருக்கிறது என்றே நினைக்கிறேன். இந்த மண்ணின் வீரக்கதைகளில் சில அப்படித்தான் பயன்பட்டன. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானுக்குப் பணியாமல் சிறு படையோடு போய் மடிந்த செஞ்சி தேசிங்கின் கதைப்பாடலில்கூட, பணியாமையை மட்டுமே புகழும் பகுதிகள் எனக்கு மெலிந்தவையாகத் தெரிகின்றன. அங்கே நெஞ்சைத் தொடுவது நண்பன் மோவுத்துக்காரன் தன் கல்யாணக் கோலத்தோடு எழுந்து போருக்கு வரும் இடம்தான். கர்ணனைப் பொறுத்தவரை, கூத்து அவனை விசுவாசத்துக்காக மோட்சத்துக்கு அனுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். துரியோதனனுக்கு அவன் பட்ட கடன் அவனைச் சாவில் கொண்டுபோய் விடுகிறது, அவ்வளவே. மோட்சம் தருவது யார் கேட்டாலும், எதிரிக்காகக் கேட்டாலும், கொடுத்த கை. முதலாவது ஒரு தலைவனுக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது யாருக்கும் கட்டுப்படாதது. இரண்டையும் குழப்பிப் பாடும் வேஷக்காரர்கள் உண்டு. துரியோதனன் நட்பைச் சொல்லி அழவைப்பது சுலபம், கைத்தட்டும் அங்கே கிடைக்கும். 1964இல் வந்த ‘கர்ணன்’ படம் அந்த நட்பைத் தமிழ்நாடு முழுவதும் இனிக்க இனிக்கச் சொல்லிவிட்ட பிறகு, களரியிலும் அதன் வாடை அடிக்கிறது. சிவாஜியின் கர்ணன் பெரிய நடிப்பு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவன் ராஜகுமாரனாகவே இருந்து கலங்குகிறான். கூத்துக் கர்ணன் வாசலில் நின்று குலம் கேட்கப்பட்டவன்.

அந்தக் கேள்விதான் இந்தக் கலையின் கூர்மையான முனை. அதை மழுக்கவிடக் கூடாது. பிறப்பைக் கேட்டு அரங்கத்திலிருந்து ஒதுக்கப்பட்டவன்மேல் ஊர் அழுகிறது. அதே ஊர் தன் கோயில் வாசலில் பிறப்பைக் கேட்டிருக்கிறது. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் நுழைவது பற்றி எழுந்த தகராறில், 2023 ஜூனில் வருவாய்த் துறை கோயிலையே பூட்டி முத்திரையிட்டது. நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு 2025 ஏப்ரலில்தான் அவர்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. செஞ்சிக்கு அருகே மேலச்சேரியில் இருக்கும் கோயிலை ஆதி பீடமாகக் கொள்ளும் இந்த வழிபாட்டில், அம்மனுக்குக் காவலாகப் போத்துராஜாவோடு முத்தால் ராவுத்தன் என்ற முஸ்லிம் வீரனும் நிற்கிறான். அம்மன் தன் வாசலில் யாரை நிறுத்திக்கொண்டாள் என்பது அங்கேயே கண்முன் இருக்கிறது. கலை மனிதரைத் திருத்திவிடும் என்று இதை வைத்து வாதாட முடியாது. மேல்பாதி அதற்கு எதிர்ச்சாட்சி. ஆனால் ஊர் தான் செய்யும் குற்றத்தை, பொன்னுருவியின் வாயால் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்படிக் கேட்க வைக்கும் வேறு இடம் கிராமத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. பள்ளிக்கூட நன்னெறி வகுப்பில் சொல்லப்படும் சமத்துவத்துக்கு, கண்ணாடிக் கிரீடம் வைத்த ஒருவர் வாசலில் தலைகுனியும்போது வரும் பாரம் கிடையாது.

இன்று கூத்து ஜமாக்கள் படும் பாடு பலருக்கும் தெரியும். ஒலிபெருக்கி வந்தது, குழல்விளக்கு வந்தது, ஹார்மோனியம் முகவீணையை மீறத் தொடங்கியது. இவற்றையெல்லாம் கலை செரித்துக்கொள்ளும். புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்றவர்கள் நகரத்து மேடைக்கும் கூத்தைக் கொண்டுபோய்ப் பெருமை சேர்த்தார்கள். காஞ்சிபுரம் பக்கம் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பிள்ளைகளுக்கும், பெண்களுக்கும்கூடக் கற்றுக்கொடுத்தது. என் கவலை நேரச் சுருக்கத்தைப் பற்றியது. இரண்டு மணி நேரத்தில் கர்ண மோட்சம் வேண்டும் என்று அரங்கத்தார் கேட்கிறார்கள். ஊரிலும் நள்ளிரவுக்குள் முடித்துவிடச் சொல்லும் விழாக் குழுக்கள் வந்துவிட்டன. அப்போது வாத்தியார் கத்தரியை எடுத்தால் முதலில் விழுவது தர்க்கம்தான். சண்டை இருக்கும், கிறுக்கி இருக்கும், கடைசி யாசகம் இருக்கும். பொன்னுருவி நாலு வரியில் வந்து போய்விடுவாள். வெட்ட வேண்டியிருந்தால் சல்லியனோடு நடக்கும் வாய்ச்சண்டையை வெட்டலாம், அம்பு விடும் சுற்றுகளைப் பாதியாக்கலாம், கட்டியக்காரனின் சினிமாப் பாட்டை முழுசாகவே விட்டுவிடலாம். பொன்னுருவி பகுதிக்கு முழு ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டு வாங்க வேண்டும். அதைப் பாடத் தெரிந்த பெண்வேஷக்காரருக்குக் கர்ணனுக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். திண்டிவனம், செஞ்சிப் பக்கத்தில் அந்தத் தர்க்கத்தை இரு குரலிலும் முழுதாகப் பாடம் வைத்திருக்கும் வாத்தியார்கள் இருக்கும்போதே இளையவர்கள் அவர்களிடம் உட்கார்ந்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.